ஒப்படைப்புப் பட்டியலில் இல்லாத ஒன்று

சரக்கு யார்டின் காவல் மத்திய ரயில்வே பாதுகாப்புப் படையிடமிருந்து மாநில ரயில்வே போலீசுக்குப் போகிறது என்று உத்தரவு வந்தபோது, மத்தியப் படையின் ஏ.எஸ்.ஐ. வீரபாகு ஓய்வு பெற ஆறு மாதம்தான் பாக்கி இருந்தது. அந்த ஆறு மாதம் பொறுத்திருந்தால் அரசாங்கத்துக்கு என்ன குடியா முழுகிப் போயிருக்கும்? ஆனால் அரசாங்கம் என்றைக்கு வீரபாகுவைக் கேட்டு ஒரு காரியம் செய்தது? தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் தண்டவாளத்தின் ஓரத்தில், இரண்டு அறையும் ஒரு தகரக் கொட்டகையுமாக இருந்த அந்த அவுட்போஸ்ட் வருகிற புதன்கிழமை காலை பதினோரு மணிக்குக் கைமாற வேண்டும். சோதனை முயற்சியாம். இனிமேல் நிலக்கரித் திருடனைப் பிடிப்பதிலிருந்து வழக்குப் பதிவது வரைக்கும் எல்லாம் மாநிலப் போலீஸ்தான்.

அவருக்குக் கீழே இருந்த இரண்டு கான்ஸ்டபிள்களும் பீகார்க்காரர்கள். செய்தி வந்த அன்றே பெட்டியைக் கட்டிவிட்டார்கள். அந்த வெயிலையும் உப்புக் காற்றையும் விட்டுத் தப்பிப்பதில் அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. வீரபாகு மட்டும் மேஜை முன்னால் உட்கார்ந்து ஒப்படைப்புப் பட்டியலை எழுதினார். லத்தி ஆறு. டார்ச் லைட் நான்கு, அதில் எரிவது ஒன்று. நாற்காலி ஐந்து. பதிவேடு பதினேழு. எழுதிக்கொண்டே வந்தவரின் கை ஓர் இடத்தில் நின்றது. எழுத வேண்டிய இன்னொன்று இருந்தது. அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அதைச் சொல்வதற்கு முன்னால் வீரபாகுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சொந்த ஊர் ஏரல் பக்கம். இருபத்து நான்கு வயதில் படையில் சேர்ந்து, முப்பத்திரண்டு வருஷம் வடக்கே ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சுற்றினார். அங்கே எல்லாரும் அவரை மதராஸி என்றார்கள். மனைவி முத்துக்கனி நாக்பூர் குவார்ட்டர்ஸிலேயே மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்தாள். மகள் உமாராணி பெங்களூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து, "சாப்டியளாப்பா?" என்று கேட்பாள். அவர் பதில் சொல்வதற்குள் அவள் கைப்பிள்ளை அழுதுவிடும். கெஞ்சிக் கூத்தாடிக் கடைசி நான்கு வருஷத்துக்குச் சொந்த மாவட்டத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தார். வந்த ஜோரில் ஏரல் கடைத்தெருவுக்குப் போனார். சித்தப்பா மகன் சிவபாலன் கல்லாவை விட்டு எழுந்து, "வாங்கண்ணாச்சி, எப்ப வந்தியோ, எப்ப போறியோ?" என்றான். கலர் சோடா வாங்கிக் கொடுத்தான். பிறகு யாவாரத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. முப்பத்திரண்டு வருஷமாக விருந்தாளியாக வந்து போனவனை வேறு எப்படி உபசரிப்பதென்று அவனுக்குத்தான் எப்படித் தெரியும்? வீரபாகு அதற்குப் பிறகு ஏரலுக்கு அதிகம் போகவில்லை.

சரக்கு யார்டுக்குப் பயணிகள் வரமாட்டார்கள். ரயில் எப்போது வரும் என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் நிலக்கரி வேகன்கள். காலையில் துவைத்துப் போட்ட வெள்ளைப் பனியன் மத்தியானத்துக்குள் கறுத்துப் போகும். வீரபாகு சில நாட்களில் சாயங்காலம் வரை வாயைத் திறக்காமலே இருந்துவிட்டு, டீக்கடையில் "ஒரு டீ" என்று சொல்லும்போது தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டிருக்கிறார்.

அந்த அவுட்போஸ்ட்டுக்கு அவரைத் தேடி வந்துகொண்டிருந்தது ஒரே ஒரு ஆள்தான். ஆழ்வார்திருநகரி ராமானுஜன். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதத்தின் முதல் சனிக்கிழமை, பத்தரை மணி பஸ்ஸில் வந்து இறங்குவார். கையில் ஒரு தூக்குவாளி இருக்கும். மனைவி செங்கமலவல்லி கொடுத்துவிட்ட புளியோதரையோ, அவர்கள் ததியோன்னம் என்கிற தயிர்சாதமோ அதில் இருக்கும். எதிரே உட்கார்ந்து, "ஏதாவது தகவல் உண்டா?" என்று கேட்பார். வீரபாகு, "பாத்துக்கிட்டுதான் இருக்கோம் சார்" என்பார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அதற்கப்புறம் இருவரும் மத்தியானம் வரை ஊர்க்கதை, உலகக் கதை எல்லாம் பேசுவார்கள். வாத்தியாருக்குக் கேலி நன்றாக வரும். ஏழாம் வாய்ப்பாட்டில் தகராறு செய்த பிள்ளைகள் எல்லாம் இப்போது பாங்கில் மேனேஜராக இருக்கிறார்கள், அதனால்தான் நாடு இந்த லட்சணத்தில் இருக்கிறது என்பார். வீரபாகு வயிறு குலுங்கச் சிரிப்பார். மாதத்தில் அவர் சிரிப்பது அன்றைக்குத்தான்.

வாத்தியார் கேட்ட தகவல் அவருடைய மகனைப் பற்றியது. மகன் பெயர் சுதர்சனம். துறைமுகத்தில் ஒரு ஏற்றுமதி ஆபீசில் வேலை பார்த்தவன், மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் பைக்கை யார்டு வேலி ஓரம் நிறுத்திவிட்டு எங்கேயோ போய்விட்டான். நான்கு நாளாக அனாதையாக நின்ற பைக்கின் நம்பரை வைத்து விசாரித்து, வாத்தியாரை வரவழைத்தது வீரபாகுதான். அன்றைக்கு அவர் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வார்த்தை. "சார், காணாமப் போன கேஸ் எங்க படை எடுக்க முடியாது. நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் குடுங்க." சட்டம் அதுதான். ஆனால் வீரபாகுவுக்குத் தன் படையின் மேல் ஒரு தனிப் பெருமை. மத்தியப் படையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் அந்தக் கொழுப்பு கொஞ்சம் உண்டு.

"லோக்கல் போலீஸ் என்னத்த சார் தேடுவான்? திருநவேலியத் தாண்டுனா அவனுக்குத் திசை தெரியாது. எங்களுக்கு இந்தியா பூராவும் அவுட்போஸ்ட் இருக்கு. போட்டோவ எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டார். வாத்தியார் கும்பிட்டுவிட்டுப் போனார். புகார் எங்கேயும் பதிவாகவில்லை.

வீரபாகு சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கூட வேலை பார்த்தவர்களுக்கு ஒருவர் பாக்கியில்லாமல் போட்டோவை அனுப்பினார். எட்டு மாதம் கழித்து ஒடிசாவிலிருந்து மொஹந்தி என்ற பழைய சகா போனில் பதில் அனுப்பினான். தண்டவாளத்து ஓரத்தில் கிடந்த ஒரு சடலத்தின் படம். ஓடுகிற ரயிலின் படியிலிருந்து விழுந்திருக்கலாம் என்று எழுதியிருந்தான். உரிமை கோரி யாரும் வராததால் அந்த ஊர்ப் போலீஸ் புதைத்து ஆறு மாதம் ஆகிவிட்டதாம். முகம் தெளிவாக இருந்தது. இரண்டு தோளிலும் சங்கும் சக்கரமும் பொறித்த தழும்பு. வைணவக் குடும்பத்தில் ஆசாரியன் கையால் போட்டுக்கொள்கிற முத்திரை அது. வாத்தியார் தோளிலும் அதே இருக்கிறது. சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

அடுத்த சனிக்கிழமை சொல்லிவிடத்தான் நினைத்தார். சத்தியமாக நினைத்தார். ஆனால் அன்று வாத்தியார் உள்ளே நுழையும்போதே, "நேத்திக்குத்தான் இவள் எட்டு மாசத்துக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டாள்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அடுத்த மாதம் வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன். அதற்கடுத்த மாதம் திருநகரிக் கோயில் உற்சவம். இரக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் அது தாங்காது. நான்காவது மாதம், சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னாலேயே மேஜையைத் துடைத்து, ஈரத்துணியால் வாத்தியார் உட்காரும் நாற்காலியையும் துடைத்தபோது வீரபாகுவுக்கே உண்மை விளங்கிவிட்டது. சொல்லிவிட்டால் இந்த மனிதர் எதற்கு வரப்போகிறார்? அவர் வராத முதல் சனிக்கிழமையை நினைத்தாலே பயமாக இருந்தது. இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிப்போனது. செய்தது பாவம் என்று தெரியும். தெரிந்தேதான் செய்தார்.

புதன்கிழமை சொன்ன நேரத்துக்கு மாநில ரயில்வே போலீஸ் ஜீப் வந்தது. இறங்கியவர் சப்-இன்ஸ்பெக்டர் இந்துமதி. ஓட்டப்பிடாரத்துக்காரர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். விறுவிறுவென்று லத்தியை எண்ணினார், டார்ச்சை அடித்துப் பார்த்தார், மூன்று எரியவில்லை என்று பட்டியலிலேயே எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"உண்மையை எழுதுன முத லிஸ்டு இதுதான் சார்" என்றார்.

வீரபாகுவுக்குச் சுருக்கென்றது.

இன்னும் இரண்டு கையெழுத்து இருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம். பார்த்தால் வாத்தியார் நிற்கிறார். சனிக்கிழமை இல்லை, கையில் தூக்குவாளியும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் உறையில் காகிதங்களை வைத்து மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். வெயிலில் வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"பேப்பர்ல பார்த்தேன் வீரபாகு. இனிமே இங்கேயே கேஸ் பதியலாமாமே! நீங்க இத்தனை நாள் அதிகாரம் இல்லாமலே எனக்காக அலைஞ்சேள். இனி அந்தக் கஷ்டம் உங்களுக்கு வேண்டாம்னுதான் ஓடி வந்தேன்" என்றார்.

இந்துமதி அவரை உட்கார வைத்து மனுவை வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்கப் புருவம் சுருங்கியது.

"மூணு வருஷம் ஆச்சே ஐயா. இதுவரைக்கும் எங்கயுமே புகார் குடுக்கலையா?"

"இவர் பார்த்துண்டிருக்கார்மா. சொந்தத் தம்பிகூட இவ்வளவு மெனக்கெட மாட்டான். இந்தியா பூரா போட்டோ அனுப்பியிருக்கார்."

இந்துமதி வீரபாகுவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது, குற்றச்சாட்டு இன்னும் இல்லை. "உங்களுக்குப் பதில் ஏதும் வந்திருந்தா குடுங்க சார், பைல்ல சேத்துக்கிடுதேன். ஒண்ணும் வரலைன்னா வரலைன்னு எழுதிருவோம். புதுசாத் தேடலாம்."

எவ்வளவு சுலபம்! வரலை என்று ஒரு சொல். ஆறு மாதத்தில் ஓய்வு. மொஹந்தி அனுப்பிய படத்தை ஒரு விரலால் அழித்துவிடலாம். துறை விசாரணை கிடையாது, பென்ஷனுக்குப் பங்கம் கிடையாது, இந்தக் கிழவரின் கண்ணில் கடைசிவரை நல்லவன். வீரபாகு வாயைத் திறந்தார். வரலை என்று சொல்லத்தான் திறந்தார்.

அதற்குள் வாத்தியார் அவர் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அது கிடக்கட்டும். அடுத்த மாசத்திலேர்ந்து உங்களை எங்கே வந்து பார்க்கறது? அட்ரஸ் கொடுங்கோ. கேஸ் இவா கைக்குப் போயிடுத்துன்னா நான் வர்றதை நிறுத்திடுவேனா என்ன? இவளும் கேட்டாள், 'புளியோதரையை யாருக்குக் கொடுத்து விடறது'ன்னு."

வீரபாகுவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனிதர் வந்திருப்பார். தகவலைச் சொல்லியிருந்தாலும், அழுது தீர்த்துவிட்டு, இரண்டு மாதமோ மூன்று மாதமோ கழித்து அதே பத்தரை மணி பஸ்ஸில் வந்திருப்பார். எந்தப் பயத்துக்காக ஒரு தகப்பனிடம் மகன் செத்ததை மறைத்தாரோ, அந்தப் பயத்துக்கே அர்த்தம் இல்லாமல் போய்விட்டது. இனிமேல் பொய் சொல்ல அவரிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை.

"பதில் வந்திச்சு" என்றார்.

"எப்போ?" என்று ஆவலோடு நிமிர்ந்தார் வாத்தியார்.

"ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு சார்." வீரபாகு எழுந்து நின்றுகொண்டார். உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. "சுதர்சனம் தம்பி உசுரோட இல்ல சார். ஒடிசாவுல ரயில்லருந்து விழுந்து... அங்கனயே பொதச்சிட்டாங்க. தோள்ல சங்கும் சக்கரமும் இருந்திச்சு. நான்தான் சொல்லல. சொன்னா நீங்க வரமாட்டியளோன்னு சொல்லல. நீங்க வாறத விட்டா எனக்கு வேற நாதியில்ல சார். அதுக்காவ மறச்சிட்டேன்."

போனைத் திறந்து படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி, வேஷ்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் சங்கு ஊதி ஓய்ந்தது. இந்துமதி பேனாவை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"தேதி?" என்றார் வாத்தியார்.

சொன்னார்.

வாத்தியார் விரல்களை மடக்கி எதையோ எண்ணினார். கணக்குப் போட்டுப் பழகிய விரல்கள். "திதியைப் பஞ்சாங்கம் பார்த்துக்கறேன்" என்றார் மெதுவாக. "ரெண்டு திவசம் போயிடுத்து. எள்ளும் தண்ணியும் இல்லாம ரெண்டு வருஷம் நின்னுண்டிருக்கான் குழந்தை. நான் என்னடான்னா ஒவ்வொரு ஆவணி அவிட்டத்துக்கும் அவனுக்குப் புதுப் பூணூல் எடுத்து வெச்சிண்டிருக்கேன். வந்தா மாத்திக்கட்டும்னு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் வீரபாகு காலில் விழுந்திருப்பார்.

"பொதைச்ச இடம் எது?"

வீரபாகு விழித்தார். தெரியவில்லை. இரண்டு வருஷமாக மொஹந்தியிடம் அதை ஒருமுறைகூட அவர் கேட்டதில்லை. "கேட்டுச் சொல்லுதேன் சார்" என்றார். சொல்லும்போதே அவமானமாக இருந்தது.

"இனிமே நாங்க கேட்டுக்கிடுதோம்" என்றார் இந்துமதி. குரலில் பழைய சிரிப்பு இல்லை. "இறப்புச் சான்றிதழ் வாங்கணும்னா, தகவல் எப்ப வந்துச்சு, யாருக்கு வந்துச்சு, எல்லாம் எழுத்துல வேணும். நீங்க வாக்குமூலம் குடுக்கணும். குடுத்தா உங்க மேல நடவடிக்கை வரும். அதையும் சொல்லிருதேன்."

"எழுதித் தாரேன்மா" என்றார் வீரபாகு.

வாத்தியார் எழுந்தார். "சாவு கேட்டா உறவுக்காரா உடனே ஸ்நானம் பண்ணணும். இங்கே தண்ணி எங்கே இருக்கு?"

கொட்டகைக்குப் பின்னால் ஒரு சின்டெக்ஸ் டேங்க் இருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை லாரியில் வரும் தண்ணீர். வாத்தியார் சட்டையைக் கழற்றவில்லை. கண்ணாடியை மட்டும் எடுத்து மேஜையில் இருந்த மனுவின் மேல் வைத்துவிட்டு வந்து, கரித்தூள் படிந்த சிமெண்ட் தரையில் தெற்குப் பார்த்து உட்கார்ந்தார். வீரபாகு வாளி நிறையப் பிடித்துப் பக்கத்தில் வைத்தார். வாத்தியார் இரண்டு கையாலும் தூக்கித் தலையில் ஊற்றிக்கொண்டார். வீரபாகு மறுபடி பிடித்து வைத்தார். மூன்றாவது வாளியில்தான் வாத்தியாரின் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. தண்ணீரோடு தண்ணீராக அழுதார். சத்தமே வரவில்லை. ஈரச் சட்டை தோளில் ஒட்டி, உள்ளே தழும்பு தெரிந்தது.

வீரபாகு காலி வாளியோடு நின்றார். இவரும் மூன்று வருஷமாக அந்தப் பையனின் போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தவர்தான். அவன் சிரிக்கும்போது ஒரு பக்கம் குழி விழும் என்பதுகூட அவருக்குத் தெரியும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுவதற்குத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று விளங்கவில்லை. யாரிடம் கேட்பது? கேட்பதற்கு அவருக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒருவர்தான்.

"நானும் தலமுழுகணுமா சார்?" என்று கேட்டார்.

வாத்தியார் முகத்தை வழித்துவிட்டு, கண்ணாடி இல்லாத கண்ணால் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க அன்னிக்கே முழுகியிருக்கணும் வீரபாகு. எங்களுக்கெல்லாம் முன்னாடி கேட்டவர் நீங்கதானே."

பிறகு எழுந்து, மேஜையிலிருந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்த வேஷ்டியோடு வேலியைத் தாண்டி பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. அவரும் சொல்லிக்கொள்ளவில்லை.